எந்த வீட்டுப் பானை? ஹோப்பி மட்பாண்டங்களுக்கு ஓர் அறிமுகம்

அருங்காட்சியகங்களில், அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களின் பானைக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படித்தால், பானையைப் பற்றிய தகவலைவிட உறவுமுறைதான் அதிகம் இருக்கும். இன்னாரின் மகள், இன்னாரின் கொள்ளுப்பேத்தி, இன்ன அத்தையிடம் கற்றவர். புதிதாகப் பார்ப்பவருக்குக் கல்யாணப் பத்திரிகை படிப்பது போல இருக்கும். பானை அழகாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு வனைந்தவரின் பாட்டி பெயர் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

காரணம் இருக்கிறது. ஹோப்பி வண்ணப் பானையில் என்ன நிறம், என்ன வடிவம், என்ன சித்திரம் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். விவரம் தெரிந்தவர்கள் பானையின் தோளைப் பார்த்ததுமே இது எந்தப் பாட்டி வழி வந்த கை என்று சொல்லிவிடுவார்கள். அந்த 'வீடு' எப்படி உருவானது என்று புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டு மரபுகள் எல்லாம் ஆதிகாலம் தொட்டு அறுபடாமல் வருபவை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவோம். பலவற்றுக்குத் தொடங்கிவைத்தவர் பெயர் தெரியும், காலமும் தெரியும். மண்ணுக்குள் கிடந்த பழைய ஓடுகளைப் பார்த்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கியவர்கள் அவர்கள்.

மூன்று மேடுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வடகிழக்கு மூலையில் இருக்கிறது ஹோப்பி நாடு. வறண்ட பீடபூமி ஒன்று தெற்குப் பக்கம் மூன்று நீட்சிகளாக முடிகிறது. தலை தட்டையான அந்தப் பாறை மேடுகளை மேசா என்பார்கள். கிழக்கிலிருந்து முதல் மேசா, இரண்டாம் மேசா, மூன்றாம் மேசா. உச்சியிலும் அடிவாரத்திலும் ஊர்கள். மூன்றாம் மேசாவில் இருக்கும் ஒராய்பியில் சுமார் 900 வருடங்களாக ஆட்கள் விடாமல் குடியிருக்கிறார்கள்.

கைத்தொழில் மேசாவுக்கு மேசா வேறு. இரண்டாம் மேசாவில் சுருள் சுருளாகச் சுற்றித் தைக்கும் கூடை. மூன்றாம் மேசாவில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னும் கூடை. வண்ணப் பானை பெரும்பாலும் முதல் மேசாவின் தொழில். அங்கே உச்சியில் மூன்று ஊர்கள். ஹானோவும் ஸிச்சோமோவியும் ஒட்டியே இருப்பதால் வெளியாளுக்கு எல்லை தெரியாது. வால்ப்பி மட்டும் பாறை குறுகும் இடத்தைத் தாண்டித் தனியாக நிற்கிறது. அடிவாரத்தில் பொலாக்கா.

இதில் ஹானோவைக் கவனிக்க வேண்டும். அது ஹோப்பிகளின் நடுவில் இருந்தாலும் டேவா மக்களின் ஊர். 1680ல் கிழக்கே ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள் ஸ்பானியரை எதிர்த்துக் கிளம்பி அவர்களைத் துரத்தினார்கள். 1690களில் ஸ்பானியர் திரும்பி வந்து பிடியை இறுக்கியபோது, டேவா மக்களில் ஒரு கூட்டம் மேற்கே நடந்து வந்து முதல் மேசாவில் குடியேறியது. முன்னூறு வருடங்களாக ஹோப்பிகளோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தும் டேவா மொழியை விடவில்லை. உலகம் ஹோப்பி பானை என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த ஹோப்பி-டேவா வீடுகளிலிருந்து வந்தது. இன்று நூல்களிலும் கண்காட்சிகளிலும் 'ஹோப்பி-டேவா' என்றே எழுதுகிறார்கள்.

அப்புறம் குலம். இரண்டு சமூகத்திலும் குலம் தாய்வழி. பிள்ளை அம்மாவின் குலத்தைச் சேர்ந்தது, அப்பாவின் குலத்தை அல்ல. வீடும் பெண்களுடையது. பானை வனைவதும் நெடுங்காலம் பெண்களின் வேலை. ஆகவே பாட்டி, அம்மா, மகள், பேத்தி என்று ஒரே முற்றத்தில் கைப்பழக்கம் இறங்குவது இயல்பாக நடந்தது. உட்கார வைத்துப் பாடம் எடுப்பதில்லை. சின்னப் பிள்ளை மண்ணை உருட்டி விளையாடும். கொஞ்சம் வளர்ந்ததும் மெருகுக் கல்லைக் கையில் கொடுப்பார்கள். சித்திரம் கடைசியில்தான்.

மண்ணும் எருவும்

குயவர் என்றால் நம் மனதில் முதலில் சுழல்வது சக்கரம். ஹோப்பிகளுக்குச் சக்கரம் கிடையாது. மேசாவின் ஓரங்களில் மண் வெட்டி எடுத்து வந்து, ஊறவைத்து, கல்லும் வேரும் போக வடிகட்டி, பதமாகும்வரை வைத்திருந்து பிசைகிறார்கள். அடிப்பகுதியை ஒரு பழைய கிண்ணத்துக்குள் அழுத்தி உருவாக்குகிறார்கள். அதன்மேல் மண்ணைக் கயிறு போல உருட்டி வளையம் வளையமாக அடுக்கி, விரலால் தேய்த்து ஒட்ட வைத்து, சுரைக்குடுக்கைத் துண்டால் வழித்து வழித்துச் சுவரை மெலிதாக்குகிறார்கள். காய்ந்ததும் மணற்கல்லால் தேய்ப்பு. பிறகு ஈரம் தொட்டு, வழவழப்பான கூழாங்கல்லால் மெருகு. இந்தக் கூழாங்கற்கள் வீட்டுச் சொத்து. பாட்டி தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் தட்டையான கல்லைப் பேத்தி வைத்திருப்பாள்.

முதல் மேசாவின் பழகிய மண் சாம்பல் நிறம். அதற்குள் இரும்புச் சத்து இருக்கிறது. காற்றோட்டமான நெருப்பில் சுட்டால் அது மஞ்சளாகவோ, தேன் நிறமாகவோ, ஆரஞ்சாகவோ மாறும். இன்னொரு மண் பார்க்க மஞ்சள், சுட்டால் சிவப்பு. நம்பேயோ என்னும் பெண்மணியின் வழிவந்த வீட்டுப் பானைகளில் (அவரைப் பற்றிப் பின்னால் வரும்) பொதுவாக மேல்பூச்சு இருக்காது, மெருகேற்றிய மண்ணின் மேலேயே சித்திரம். அதனால் சுடும்போது நெருப்பு செய்யும் வேலையெல்லாம் மேலேயே தெரியும்.

கறுப்பு வண்ணம் தயாராகும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் கீரையைக் கொதிக்கவைத்து, சக்கையைப் பிழிந்துவிட்டு, சாற்றை வற்ற வற்றக் காய்ச்சுகிறார்கள். தேன் பதத்துக்கு வந்ததும் எடுத்து உலர்த்தினால் கெட்டியான கறுப்புக் கட்டி. வேண்டும்போது அதைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி, இரும்புத் தாதுக் கல்லையும் சேர்த்து அரைத்தால் வண்ணம் தயார். கீரைச் சாறு பசையாக நின்று தாதுவைப் பானையோடு பிடித்துவைக்கும். சிவப்புக்கு மஞ்சள் காவி. பூசும்போது மஞ்சளாக இருக்கும், சூட்டில் சிவந்துவிடும். ஆகவே வரைபவர் கண் முன்னால் இருப்பது ஒரு நிறம், மனதில் இருப்பது இன்னொரு நிறம்.

தூரிகை யூக்கா என்னும் வறண்ட நிலச் செடியின் இலை. நுனியை மென்று சதையைப் போக்கினால் நார் மிஞ்சும். மெல்லிய கோட்டுக்கு இரண்டு மூன்று நாரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நறுக்கிவிடுவார்கள். பென்சில் குறியெல்லாம் போட்டுக்கொள்ளாமல் வரைவதே பழைய வழக்கம். பானையின் சுற்றளவை விரலால் அளந்து, எத்தனை பாகம் என்று மனதில் பிரித்துக்கொண்டு, இடது கையால் பானையைத் திருப்பித் திருப்பி வரைவார்கள். சுற்றி வந்து முதல் கோடும் கடைசிக் கோடும் சேரும் இடத்தில் இடைவெளி கூடாமலும் குறையாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்ந்த கை எது என்று அங்கே தெரியும்.

சுடுவது வீட்டுக்கு வெளியே, திறந்தவெளியில், காற்று எழும்பாத காலை நேரத்தில். ஆட்டுப் பட்டியின் தரையில் மிதிபட்டு இறுகிய சாணத்தைப் பாளம் பாளமாக வெட்டி உலர்த்தி வைத்திருப்பார்கள். கொஞ்சம் விறகு போட்டு நிலத்தைச் சூடாக்கி, பானைகளை வைத்து, சாணம் நேரடியாகப் படாதபடி பழைய உடைந்த பானை ஓடுகளால் மூடி, அதற்கு மேல் சாணப் பாளங்களை அடுக்கித் தீ வைக்கிறார்கள். அது பல மணி நேரம் கனன்று வெள்ளைச் சாம்பலாக அடங்கும். தானாக ஆறும்வரை தொடக் கூடாது. அவசரப்பட்டால் விரிசல். மாதக்கணக்கில் செய்த வேலை அந்த ஒரு காலையில் போய்விடுவதும் உண்டு.

காற்று எங்கே எவ்வளவு படுகிறதோ அதற்கேற்பப் பானையின் மேல் வெளிர் மஞ்சளும் பழுப்பும் செம்மையும் திட்டுத் திட்டாகப் படரும். மின்சூளையில் சுட்டால் நிறம் ஒரே சீராக வரும், இந்தப் படர்வு வராது. சேகரிப்பவர்கள் இதற்காகவே கூடுதலாகக் கொடுப்பார்கள். என் கண்ணுக்கும் சித்திரத்தைவிட இதுதான் முதலில் தெரியும்.

ஆட்டுக்கு முன்னால் நிலக்கரி

ஆடு ஸ்பானியரோடு வந்தது. அதற்கு முன்னால்? ஹோப்பி மேசாக்களில் நிலக்கரி மேலாகவே கிடைக்கும். 13ஆம் நூற்றாண்டிலிருந்தே அதை வெட்டி வீட்டுக்கும் பானைக்கும் எரித்திருக்கிறார்கள். சாணத்தைவிட நிலக்கரியின் சூடு அதிகம். அந்தச் சூட்டில் வந்தவைதான் ஜெடிட்டோ மஞ்சள் பானைகள், அவற்றிலிருந்து வளர்ந்த ஸிக்யாட்கி வண்ணப் பானைகள். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கெட்டியான சுடுமண், தெளிவான மஞ்சள்.

ஸிக்யாட்கி என்பது முதல் மேசாவுக்குப் பக்கத்தில் இருந்து, ஸ்பானியர் வருவதற்கு முன்பே பாழாகிவிட்ட ஊர். அந்த ஊரின் பெயரால் அழைக்கப்படும் பாணி 1400 வாக்கில் தொடங்கி 1600களின் தொடக்கம்வரை நீடித்தது. அகன்று தாழ்ந்த ஜாடி, கிட்டத்தட்டப் படுத்திருக்கும் தோள், சின்ன வாய். பறவைகள் உண்டு, ஆனால் பறவையை அப்படியே வரையமாட்டார்கள். அலகு ஓரிடம், இறகு ஓரிடம், வால் ஓரிடம் என்று பிரித்து வளைத்து வேறொன்றாக்கிவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வண்ணத்தைத் தூரிகையிலிருந்து தெறிக்கவைத்துப் புள்ளிப் புள்ளியாக நிரப்புவதும் உண்டு. கித்தான்மேல் 20ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் செய்ததை இவர்கள் ஜாடித் தோளில் முன்னமே செய்துவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அது கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு இந்தப் பாணி போய்விட்டது. ஸ்பானிய பாதிரிமார் வந்தார்கள், போனார்கள். பஞ்சமும் பெரியம்மையும் வந்தபோது ஹோப்பிகள் பலர் கிழக்கே ஜூனி என்னும் இன்னொரு பூர்வகுடி மக்களிடம் தஞ்சம் போய்த் திரும்பினார்கள், ஜூனிச் சித்திரங்களும் அவர்களோடு வந்தன. ஏறத்தாழ 1780 முதல் 1900 வரை முதல் மேசாவில் செய்த பானைகளைப் பொலாக்கா வகை என்கிறார்கள். வெள்ளைப் பூச்சு, அதில் வலை வலையாக வெடிப்பு, அதன்மேல் சித்திரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தகரமும் பீங்கானும் வணிகர் கடைகளில் வர, வீட்டுப் புழக்கத்துக்குப் பானை செய்வதும் குறைந்தது.

நம்பேயோ

இங்கேதான் நம்பேயோ வருகிறார். 1860 வாக்கில் ஹானோவில் பிறந்தவர். அம்மா டேவா, மக்காச்சோளக் குலம். அப்பா வால்ப்பியைச் சேர்ந்த ஹோப்பி, பாம்புக் குலம். பானை செய்யக் கற்றது வால்ப்பியில், அப்பாவின் அம்மாவிடம் என்கிறார்கள். தாய்வழி மரபு என்று சொல்லிவிட்டு முதல் ஆளிலேயே அப்பாவழிப் பாட்டி வந்துவிட்டாரே என்றால், ஆமாம், வாழ்க்கை அப்படித்தான். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான டாம் பொலாக்காவின் பெயரில்தான் அடிவாரத்து ஊர் இருக்கிறது.

பக்கத்துக் கீம்ஸ் பள்ளத்தாக்கில் தாமஸ் கீம் என்பவர் கடை வைத்திருந்தார். பழைய பானைகளைச் சேகரித்து அருங்காட்சியகங்களுக்கு விற்றவர். பழைய பாணியில் புதுப் பானை செய்து தரும்படி முதல் மேசாப் பெண்களிடம் கேட்டவரும் அவரே. 1895ல் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்னும் ஆய்வாளர் ஸிக்யாட்கியைத் தோண்டினார். நம்பேயோவின் கணவர் லெசோ அங்கே கூலிக்குப் போனார், ஓடுகளை எடுத்துவந்து மனைவியிடம் காட்டினார், அப்படிப் பிறந்தது மறுமலர்ச்சி என்பது பல புத்தகங்களில் வரும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் தயக்கம். அந்த ஓடுகள் மேசாவைச் சுற்றித் தரையிலேயே கிடந்தன. கீமின் தூண்டுதல் 1895க்கு முந்தியது. தோண்டிய குழியிலிருந்து ஒரு வெள்ளைக்காரரும் ஒரு கணவரும் எடுத்துக்கொடுத்துத்தான் அந்த அம்மாளுக்குக் கண் திறந்தது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அகழாய்வு நடந்தபோது நம்பேயோ அங்கே போய்ச் சித்திரங்களைத் தாளில் வரைந்துகொண்டது உண்மை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த தேடலுக்கு அது இன்னொரு படி.

முதலில் பார்த்து வரைந்தார். பிறகு அந்த இலக்கணம் கைக்குள் வந்துவிட்டது, தன் போக்கில் வரைந்தார். அவர் செய்தவற்றை வணிகர்கள் பழம்பொருள் என்று விற்றுவிடுவார்களோ என்று ஃபியூக்ஸே கவலைப்பட்டார். 1898லும் 1910லும் சிகாகோவுக்கு அழைத்துப்போய் மக்கள் முன்னிலையில் பானை செய்யவைத்தார்கள். 1905ல் கிராண்ட் கேன்யனில் ஃபிரெட் ஹார்வி நிறுவனம் திறந்த 'ஹோப்பி இல்லத்தில்' குடும்பத்தோடு தங்கி, பயணிகள் பார்க்கப் பானை வனைந்தார். 1907லும் போனார். அவருக்கு எழுதத் தெரியாது. பானைக்கு அடியில் 'நம்பேயோ செய்தது' என்று ஒரு தாளை ஒட்டி விற்றது நிறுவனம். கையெழுத்து என்ற வழக்கமே விற்பனையோடு வந்ததுதான்.

1920களில் அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. கை போகவில்லை. தடவித் தடவி வனைந்தார், மகள்கள் ஆனி, நெல்லி, ஃபேனி ஆகியோரும் லெசோவும் சித்திரம் வரைந்தார்கள். 1942ல் இறந்தார். கடைசி இருபது வருடப் பானைகளில் எது யார் கை என்று பிரிப்பது நிபுணர்களுக்கே தலைவலி. ஆனால் ஒரு 'வீடு' உருவான இடம் அதுதான். அம்மாவின் கைவடிவத்தின் மேல் மகளின் கோடு ஓடியது.

ஒரே வீடு, பல கைகள்

நம்பேயோ வீட்டின் மிகத் தெரிந்த சித்திரத்தை இடப்பெயர்ச்சிச் சித்திரம் என்று அழைக்கிறார்கள். பானையின் தோளைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் நெருக்கமாக ஓடும், ஒவ்வொரு கட்டத்தின் நுனியிலும் கறுப்பும் சிவப்புமாக அலையோ இறக்கையோ போல ஒரு வளைவு எழும்பும். குலங்கள் ஊர் ஊராக நடந்துவந்த பயணத்தை அது சொல்கிறது என்பார்கள் குடும்பத்தார். இதைத் தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வரைந்தவர் கடைசி மகள் ஃபேனி (1900–1987). அவருடைய பிள்ளைகளில் எல்வா, லியா, டோனிட்டா அதே சித்திரத்தைத் தொடர்ந்தார்கள். ஐரிஸ் வேறு பக்கம் போனார். சித்திரமே இல்லாத, மெருகு மட்டும் ஏற்றிய பானையில் ஒரே ஒரு மக்காச்சோளக் கதிரைப் புடைப்பாக வைத்தார். குலத்தின் பெயரே சித்திரமாகிவிட்டது. மகன் தாமஸ் பொலாக்கா பானையைச் செதுக்கி உருவங்கள் வடித்தார். ஆண்கள் வெளிப்படையாகப் பானை செய்யத் தொடங்கிய தலைமுறை அது.

ஆனி வழி இன்னொன்று. ஆனியின் மகள் ரேச்சல், ரேச்சலின் மகள் டெக்ஸ்ட்ரா குவாட்ஸ்குய்வா (1928–2019). தற்கால ஹோப்பி பானையில் ஒருவரை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்றால் நான் டெக்ஸ்ட்ராவைக் காட்டுவேன். கொள்ளுப்பாட்டியின் வடிவங்களில் தொடங்கி, மண்ணில் ஒவ்வொரு நிறமாகச் சோதித்து, யாரும் வரையாத சித்திரங்களுக்குப் போனவர். ஜாடி முழுக்க உடைந்த ஓட்டுத் துண்டுகள் ஒட்டியிருப்பது போல வரைந்திருக்கிறார். ஒவ்வொரு 'ஓட்டிலும்' வெவ்வேறு பழைய சித்திரத்தின் ஒரு மூலை. நம்பேயோ பார்த்து வரைந்த ஓடுகள் இங்கே சித்திரத்தின் பொருளாகவே வந்துவிட்டன. 1994ல் அரிசோனா அவரை வாழும் பொக்கிஷம் என்று கௌரவித்தது. மகள் ஹிஸியும், ஸ்டீவ் லூக்கஸ், லெஸ் நமிங்ஹா போன்ற அடுத்த தலைமுறை உறவினர்களும் அவரிடம் கற்றவர்கள்.

இதே ஆனியின் இன்னொரு மகள் டெய்சி ஹூயியின் வாழ்க்கை சினிமாவுக்குரியது. சிறுவயதில் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியது. செல்வந்தப் பெண்மணி ஒருவர் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துப்போய்ச் சிகிச்சை செய்வித்தார், பிறகு பாரிஸில் சிற்பம் படிக்கவும் வைத்தார். திரும்பி வந்து ஜூனி ஊரில் வாழ்க்கைப்பட்டு, அங்கே பள்ளியில் பானை செய்யக் கற்றுக்கொடுத்தார். ஒரு காலத்தில் ஜூனியிலிருந்து ஹோப்பிக்குச் சித்திரம் வந்ததென்றால், இந்தத் தடவை ஹோப்பியிலிருந்து ஜூனிக்கு ஆசிரியர் போனார்.

தவளையும் இறகும்

மஞ்சள் பானை நம்பேயோ வீடு என்றால், வெள்ளைப் பானை நாஹா வீடு. பாக்வா நாஹா மஞ்சள் பானைதான் செய்துவந்தார். வாழ்க்கையின் கடைசிப் பகுதியில், 1950களின் தொடக்கத்தில், வெள்ளைக் களிமண் பூச்சைக் கொண்டுவந்தார். இது சுலபமான வேலை அல்ல. பூச்சைப் பல தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் கல்லால் தேய்க்க வேண்டும். தேய்ப்பு சரியில்லையென்றால் சுடும்போது உரிந்துவரும். வந்துவிட்டால் தந்தம் போன்ற வெண்மையில் கறுப்பும் செம்பழுப்பும் எடுப்பாக நிற்கும்.

பாக்வா தன் பானைகளின் அடியில் ஒரு தவளை வரைவார். 1955ல் அவர் இறந்தபின் மகள் ஜாய் நவாஸி (1919–2012) வெள்ளைப் பானையையும் தவளையையும் எடுத்துக்கொண்டார். இருவரையும் 'தவளைப் பெண்' என்றே அழைத்ததால் குழப்பம் வரும். பாதத்தைப் பாருங்கள். அம்மாவின் தவளைக்கு விரல்கள் தனித்தனி, மகளின் தவளைக்கு விரலிடையில் சவ்வு. விலை ஆயிரக்கணக்கில் மாறுவது சில நேரம் இந்தப் பாதத்தில்தான்.

பாக்வாவின் மருமகள் ஹெலன் நாஹா (1922–1993). அவர் வேறு குலம், வேறு வீட்டுப் பெண். கணவன் வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கற்று வெள்ளைப் பானைக்கு வந்தார், ஆனால் சித்திரத்தை அங்கிருந்து எடுக்கவில்லை. 1700 வாக்கில் அழிந்துபோன அவட்டோவி என்ற ஊரின் ஓடுகளைப் பார்த்துத் தனக்கென்று ஒரு பாணியை அமைத்துக்கொண்டார். சின்னச் சின்னக் கட்டங்கள், மெல்லிய கோட்டு நிரப்பல், நட்சத்திர வடிவம். அடியில் ஓர் இறகு. 'இறகுப் பெண்' என்று பெயர். மகள்கள் சில்வியாவும் ரெய்னியும் இறகைத் தொடர்ந்தார்கள். மகன் பியூரெல் தன் பானையில் சிலந்தி வரைகிறார். இரண்டே தலைமுறையில் ஒரு பூச்சிலிருந்து தவளை, இறகு, சிலந்தி என்று மூன்று கிளைகள். மரபு என்பதற்கு எத்தனை வயது இருக்க வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஜாய் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு வெள்ளைப் பானை பழைய வழக்கம்தான்.

இந்த இரண்டு பெரிய வீடுகளுக்கு வெளியேயும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்பேயோவின் அண்டை வீட்டுக்காரர் கிரேஸ் சப்பெல்லா (1874–1980) நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். ஸிக்யாட்கி பானையொன்றிலிருந்து எடுத்த விட்டில் சித்திரம் அவர் வீட்டு அடையாளம். கொள்ளுப்பேரன் மார்க் டாபோ (1958–2017) திறந்தவெளிச் சூட்டில் நிறப்படர்வு கொண்டுவருவதில் பெயர் வாங்கினார். மூன்றாம் மேசாவிலிருந்து போலிங்கய்ஸி கொயவய்மா என்ற பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற பின் பானைக்கு வந்து, சித்திரத்துக்குப் பதிலாகப் புடைப்பு உருவங்கள் வைத்தார். அவருடைய சகோதரரின் மகன் ஆல், பொறியியல் படித்தவர், அதை இன்னும் நுணுக்கமாக்கினார்.

யார் எதை வரையலாம்?

ஒரு சித்திரம் ஒரு வீட்டுக்கு உரியது என்றால் அதற்குச் சட்டப்படி பட்டயம் ஏதும் கிடையாது. அம்மா, அத்தை, பெரியம்மா யாராவது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும், அல்லது கேட்டுவிட்டு வரைய வேண்டும். அடுத்த வீட்டுச் சித்திரத்தை அப்படியே எடுத்தால் ஊரில் பேச்சு வரும். ஆனால் ஸிக்யாட்கி, அவட்டோவி ஓடுகள் பொதுச் சொத்து. இரண்டு பேர் ஒரே ஓட்டிலிருந்து தொடங்கலாம். இதனால்தான் எது யாருடையது என்ற வாக்குவாதம் எப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

பெயரும் அப்படி. நம்பேயோ என்பது ஒரு தனிப்பட்ட பெண்ணின் பெயர், குடும்பப் பெயர் அல்ல. சந்தையில் அதற்கு மதிப்பு வந்தபின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் தங்கள் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் கதிர் வரைந்தால் குலமும் தெரியும். மகன் வழிப் பிள்ளைகளின் குலம் அவர்கள் அம்மாவின் குலம். ஆகவே நம்பேயோ என்று கையெழுத்திடும் எல்லோரும் மக்காச்சோளக் குலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நுணுக்கம் தெரியாமல் விற்பவர்கள் நிறையப் பேர்.

போலியும் உண்டு. அச்சில் வார்த்த பீங்கானைக் கடையில் வாங்கிக் கோலம் போட்டு விற்பது ஒரு வகை. பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடிப் பொருள் என்று விற்பது இன்னொரு வகை. இரண்டாவதைத் தடுக்க 1990ல் அமெரிக்கா கடுமையான சட்டம் கொண்டுவந்தது. பானையின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் ஓரளவு தெரிந்துவிடும். கையால் வளையம் அடுக்கியதில் உள்சுவர் மெல்ல ஏறி இறங்கும், அச்சில் வார்த்தது ஒரே சீராக இருக்கும். மெருகைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் கல் போன தடம் மெல்லிய பட்டைகளாகத் தெரியும். வார்னிஷ் போட்ட பளபளப்பில் அந்தத் தடம் இருக்காது.

முதல் மேசாவுக்கே போய் வாங்கவும் முடியும். வால்ப்பிக்கு உள்ளூர் வழிகாட்டியோடுதான் போகலாம், ஊருக்குள் படம் எடுக்கக் கூடாது, தாளில் வரையவும் கூடாது. செய்தவரிடமே வாங்கினால் யாரிடம் கற்றார், மண்ணையும் சாணத்தையும் எங்கே எடுத்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். மண் எடுக்கும் இடத்தை மட்டும் சிலர் சொல்லமாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பூவும் வைக்காதீர்கள். சாண நெருப்பில் சுட்ட மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மெருகு போய்விடும், வண்ணமும் உதிரலாம். ஈரத்துணியால்கூடத் துடைக்க வேண்டாம். தூசி சேர்ந்தால் மென்மையான உலர்ந்த தூரிகை போதும். தூக்கும்போது வாயைப் பிடித்துத் தூக்காமல், ஒரு கையை அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.